குழித்தறியும் முழங்காலும்: மூட்டுவலிக்கு ஓய்வு மட்டும் மருந்தாகுமா?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் மூலவரைச் சேவிக்க 24 படிகள் ஏற வேண்டும். அத்திகிரி என்ற சிறு குன்றின் மேல் நிற்கிறார் பெருமாள். ஏறுகிறவர்களைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. இறங்குகிறவர்களைப் பார்த்தால் தெரியும். ஒரு கை சுவரில், இன்னொரு கை பேரனின் தோளில். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, மூச்சுவிட்டு, அடுத்த படி. இப்படி இறங்குகிறவர்களில் வெளியூர் பக்தர்களும் உண்டு. கோயிலைச் சுற்றியுள்ள சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் காலமெல்லாம் தறியில் உட்கார்ந்தவர்களும் உண்டு.

படி இறங்கும்போது முழங்காலில் விழும் அழுத்தம் உடல் எடையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் முட்டி, ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 200 கிலோவைத் தாங்குகிறது. அந்தப் பாரத்தை முட்டி தனியாகத் தாங்குவதில்லை. தொடையின் முன்பக்கத் தசை பிரேக் போட்டதுபோல இழுத்துப் பிடிக்கிறது. அந்தத் தசை இளைத்துவிட்டால், மொத்தப் பாரமும் மூட்டில் இறங்கும். மூட்டுவலியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எலும்பைப் பற்றிப் பேசுகிறோம். தசையை மறந்துவிடுகிறோம்.

குழிக்குள் கால், குனிந்த முதுகு

காஞ்சிபுரத்தின் பட்டுத்தறி பெரும்பாலும் குழித்தறி. தரையில் ஒரு குழி. அதன் விளிம்பில் நெசவாளர் உட்கார்வார். கால்கள் குழிக்குள் தொங்கும். பாதம் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கும். கண் பாவில் இருக்கும், கழுத்து குனிந்திருக்கும். கை நாடாவைத் தள்ளும், பலகையை இழுத்து அடிக்கும், மீண்டும் தள்ளும். ஒரு நாளில் இது எத்தனை ஆயிரம் முறை என்று யாரும் எண்ணுவதில்லை.

மேற்கத்திய நாற்காலியில் உட்கார்வதுபோலத்தானே கால் தொங்குகிறது, முட்டிக்கு என்ன கெடுதல் என்று தோன்றலாம். சிக்கல் மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, மணிக்கணக்கில் ஒரே கோணத்தில் மடங்கியிருப்பது. இரண்டாவது, குழியிலிருந்து எழுவது. நாற்காலியிலிருந்து எழுந்தால் கால் தரையில் இருக்கும். இங்கே உட்கார்ந்திருப்பதே தரை மட்டத்தில். காலை வெளியே எடுத்து, மடக்கி, கையை ஊன்றி, முழு உடம்பையும் தூக்க வேண்டும். மூன்றாவது, நெசவு முடிந்த பிறகு நடப்பதே குறைந்துபோவது.

வலி நெசவாளருக்கு மட்டுமானதும் இல்லை. தார் சுற்றுகிற பெண்கள் சம்மணமிட்டு உட்கார்ந்தபடியே காலைப் பொழுதைக் கழிக்கிறார்கள். 2019-20ல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலில் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கும் மேல். அவர்களில் 70 சதவிகிதத்துக்கும் அதிகமானவர்கள் பெண்கள். தறி வேலையோடு சமையல், தண்ணீர்க் குடம், துணி துவைப்பது எல்லாம் அவர்களின் மூட்டுக் கணக்கில்தான் ஏறுகிறது.

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். இரண்டும் பிரியாதபடி நெய்கிற வேலை. இதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் ஒருவரால் முடியாது. பக்கத்தில் ஓர் உதவியாள் வேண்டும். பெரும்பாலும் அது மனைவி, அல்லது வீட்டுப் பிள்ளை. ஒருவருக்கு முட்டி பிடித்துக்கொண்டால் தறி நிற்கும். இரண்டு பேருக்கும் வேலை போகும். கூலி மாதத்துக்கு இல்லை, சேலைக்கு. 'நல்லா ஓய்வு எடுங்க' என்ற அறிவுரை, இந்த வீடுகளில் 'பட்டினி கிடங்க' என்றுதான் காதில் விழும்.

'எத்தனை நாள் தறி ஏறக் கூடாது?'

கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தெருவில், 56 வயது நெசவாளர் ஒருவரின் வீடு. வலது முட்டி இரண்டு வருடமாக வலி. காலையில் குழியில் இறங்கும்போது ஒரு பிடிப்பு. மதியம் எழும்போது ஒரு குத்தல். மருந்துக் கடையில் 'முட்டிவலிக்கு' என்று கேட்டால் இரண்டு மாத்திரை கிடைக்கும். போட்டால் சாயங்காலம்வரை ஓடும். நாளடைவில் அது தினசரி ஆனது. பிறகு வயிற்றெரிச்சல் வந்தது. அதற்கும் ஒரு மாத்திரை சேர்ந்தது.

இரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர்தான் முதலில் கவனித்தார். 'வலி மாத்திரை தினமும் போட்டா பிரஷர் எப்படிங்க அடங்கும்?' என்று கேட்டுவிட்டு, இயன்முறை மருத்துவரிடம் சொல்லிவைத்தார்.

வந்தவர் இளம் பெண். எக்ஸ்ரே எங்கே என்று கேட்கவில்லை.

"ஐயா, எப்பவும்போல குழியில உக்காருங்க. இப்ப எழுந்து காட்டுங்க."

அவர் எழுந்தார். இடது காலை ஊன்றி, வலது கையால் தரையைத் தள்ளி, மனைவியின் தோளைப் பிடித்து. வலது கால் சும்மா கூடவே வந்தது.

"முட்டி மட்டும் பிரச்சனை இல்லீங்க ஐயா. வலிக்குதுன்னு வலது காலுக்கு வேலையே கொடுக்காம விட்டிருக்கீங்க. ரெண்டு தொடையையும் தொட்டுப் பாருங்க. வலது பக்கம் இளைச்சிருக்கு."

"அப்ப எத்தனை நாள் தறி ஏறக் கூடாதும்மா?"

"ஏற வேணாம்னு நான் சொல்லவே இல்லையே. ஒரே மூச்சுல உக்கார வேணாம், அவ்வளவுதான். 40 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து ரெண்டு நிமிஷம் நடங்க."

மனைவி கணவரைப் பார்த்தார். "ஏங்க, இப்படி எழுந்து எழுந்து உக்காந்தா சேலை எப்ப அறுக்கிறது?"

"எட்டு மணி நேரத்துல 12 தடவைம்மா. மொத்தம் 24 நிமிஷம். முட்டி பிடிச்சு ஒரு நாள் தறி நின்னா எத்தனை நிமிஷம் போகும்?"

அந்தக் கணக்குதான் வேலை செய்தது. வலி ஒரே வாரத்தில் பறந்துவிடவில்லை. முதல் பத்து நாட்கள் தொடை வலித்தது. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். மூன்றாவது மாதத்தில் மனைவியின் தோள் இல்லாமல் குழியிலிருந்து எழுந்தார். மழைக்காலக் காலைகளில் இன்னும் பிடிப்பு இருக்கிறது. மாத்திரை தினசரி என்பதிலிருந்து, எப்போதாவது என்று ஆகியிருக்கிறது.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அதற்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போகிறது. காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கும், எடுக்கும்போது விரியும். பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல, இந்த அசைவில்தான் திரவம் உள்ளே போய் வருகிறது. அசைவு நின்றால் அந்த வரத்தும் குறையும். காலையில் எழுந்ததும் முட்டி இறுகியிருப்பதும், பத்தடி நடந்ததும் இளகுவதும் பலருக்கும் அனுபவம்.

'தேய்மானம்' என்ற சொல் இங்கே குழப்பம் செய்கிறது. தேய்ந்த செருப்பை மேலும் போட்டால் மேலும் தேயும் என்பதுபோல, நடந்தால் முட்டி தேயும் என்று பயந்து நடப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். செருப்புக்கு உயிர் இல்லை, மூட்டுக்கு உண்டு. அளவான வேலை கொடுத்தால் அது தன்னைச் சரிசெய்துகொள்ளப் பார்க்கும். எக்ஸ்ரேயில் நிறைய தேய்மானம் தெரியும் சிலருக்கு வலியே இருப்பதில்லை. படம் சுமாராக இருந்தும் வலியில் துடிப்பவர்கள் உண்டு.

உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2019ல் உலகில் 52 கோடியே 80 லட்சம் பேருக்கு மூட்டுத் தேய்வு இருந்தது. அதிகம் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால். இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பு 2022 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, மூட்டுத் தேய்வு உள்ள எல்லோருக்கும் அவரவருக்கேற்ற உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. பாராசிட்டமாலை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. முட்டிக்கு முதலில் மேலே தடவும் வலி மருந்தைப் பயன்படுத்தச் சொல்கிறது. டென்மார்க்கில் 2013ல் தொடங்கிய ஒரு திட்டம், முட்டி, இடுப்பு வலி உள்ளவர்களுக்கு நோயைப் புரியவைக்கும் வகுப்புகளோடு 12 பயிற்சி அமர்வுகளைத் தருகிறது. பிறகு அது பல நாடுகளுக்கும் பரவியது. குளிர் நாடாக இருந்தாலும் குழித்தறித் தெருவாக இருந்தாலும், முட்டிக்குச் சொல்லப்படும் அடிப்படை ஒன்றுதான்.

தறியில் இருப்பவர்களுக்கும், நாற்காலியில் இருப்பவர்களுக்கும்

தையல் மெஷின், கணினி, கடை கல்லா என்று எங்கே நெடுநேரம் உட்கார்ந்தாலும் இந்தப் பயிற்சிகள் பொருந்தும்.

1. உட்காரும் முன்: படுக்கையிலோ பாயிலோ காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். துண்டைக் கீழே அமுக்குவதுபோல முட்டியை அழுத்தி, தொடையை இறுக்கி, 5 விநாடி பிடித்து விடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை.

2. காலைத் தூக்குதல்: மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்றதை நேராக வைத்து ஓர் அடி உயரத்துக்குத் தூக்கி, 5 விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். 10 முறை. இடுப்பு வலி உள்ளவர்கள் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

3. எழுந்து உட்காருதல்: உறுதியான நாற்காலி, சுவரையொட்டி. கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். தொடக்கத்தில் 5 முறை. வாரங்கள் போகப்போக 10, 15. முடியாதவர்கள் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். குழியிலிருந்து எழுவதற்கு இதுதான் ஒத்திகை.

4. குதிகால் உயர்த்துதல்: சுவரைப் பிடித்து நின்று, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று இறங்குங்கள். 10 முறை. கெண்டைக்கால் தசை வலுவானால் நடை தள்ளாடாது.

5. தோளுக்கு: சுவரைப் பார்த்து நின்று, விரல்களாலேயே சுவரில் மேலே 'நடந்து' கையை உயர்த்துங்கள், வலிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். இதே வரதராஜப் பெருமாள் கோயிலில் கூரையிலுள்ள தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட வரிசையில் நிற்பார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் தவிப்பவர்களை அந்த வரிசையிலும் பார்க்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம். அவர்கள் தோள்வலியைத் தள்ளிப்போடவே கூடாது.

6. கழுத்துக்கு: முகத்தை நேராக வைத்து, தாடையைப் பின்னுக்கு இழுங்கள், 5 விநாடி. நாள் முழுக்கக் குனிந்த கழுத்துக்கும் செல்போன் கழுத்துக்கும் இது பொது.

குழித்தறியில் சின்னச் சின்ன மாற்றங்களும் உதவும். உட்காரும் இடத்தில் கெட்டியான மெத்தைத் துண்டு போட்டு இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தினால் எழுவது சுலபம். எழும்போது பிடித்துக்கொள்ள ஆடாத ஒரு கட்டையோ கம்பியோ பக்கத்தில் இருக்கட்டும். தறியை மாற்ற, மேம்படுத்த மத்திய அரசின் உதவித் திட்டம் 2016லிருந்து இருக்கிறது. காஞ்சிபுரத்திலேயே நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. ஜக்கார்டைத் தூக்க மோட்டார் வைப்பது போன்ற, காலின் வேலையைக் குறைக்கும் வசதிகளைப் பற்றி அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

படிக்கும் ஒரு சூத்திரம் உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். பலரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டியின் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறையும்.

எவ்வளவு வலி சரி?

பயிற்சியின்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம். பத்துக்கு மூன்று, நான்கு என்று சொல்லும் அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் வீங்கியிருந்தால், அன்று செய்தது அதிகம். எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். ஒரு பட்டுச்சேலை ஒரே நாளில் இறங்காது, தசையும் அப்படித்தான்.

இறுக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம்; புதிதாக வீங்கியிருந்தால் துணியில் சுற்றிய ஐஸ். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள் சூடு தெரியாமல் சுட்டுக்கொள்வார்கள்; அவர்களுக்கு இன்னொருவர் தொட்டுப் பார்த்துச் சூட்டைச் சொல்ல வேண்டும்.

வலி மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நாள்கணக்கில் போடுவது ஆபத்து. வயிற்றில் புண், இரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்தம் ஏறுவது எல்லாம் அதன் கூடவே வரும். 'மூணு நாளில் வலி போகும்' என்று பெயரில்லாமல் பொட்டலத்தில் வரும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வலி போகும்; எலும்பும் சேர்ந்து போகும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மூட்டு சிவந்து சூடாக வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாவிட்டாலும் அப்படியே. கெண்டைக்கால் திடீரென ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிப்பது, முதுகு வலியோடு சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது ஆகியவை அவசர அறிகுறிகள். காலையில் கை விரல் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகியே இருந்தால், அது தேய்வு இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். முடக்குவாதத்துக்குச் சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம்.

வீட்டு வாசலுக்கே வரும் பயிற்சி

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருவது எல்லோருக்கும் தெரியும். தேவைப்படுகிறவர்களுக்கு இயன்முறை மருத்துவமும் வீட்டிலேயே உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2024ல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. மாத்திரை கொடுக்க வருகிறவரிடமே, 'முட்டி வலிக்குதுங்க, பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவங்க வருவாங்களா?' என்று கேட்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். 104 என்ற எண்ணில் சுகாதார ஆலோசனை கிடைக்கும். தனியாரிடம் போனால், அவர் இயன்முறை மருத்துவம் முறையாகப் படித்தவர்தானா என்று கேட்பதில் தப்பே இல்லை. வெறுமனே மின்சார ஒத்தடம் வைத்து அனுப்பிவிட்டு, வீட்டில் செய்ய ஒரு பயிற்சியும் சொல்லாத இடத்துக்கு மறுபடி போக வேண்டியதில்லை.

'நீங்க பேசாம உக்காருங்க'

மூட்டுவலி வந்த பெரியவர்களுக்கு வீட்டில் கிடைக்கும் அன்பு ஒரே மாதிரி இருக்கிறது. 'அம்மா, நீ எழுந்திருக்காதே, நான் எடுத்துத் தர்றேன்.' 'தாத்தா, கடைக்கு நான் போறேன், நீங்க பேசாம உக்காருங்க.' பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தில்தான் அம்மாவின் தொடை மாதத்துக்கு மாதம் இளைக்கிறது. ஒரு வருடம் கழித்து, எழ நினைத்தாலும் எழ முடியாது.

தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுப்பதற்குப் பதில், கையைக் கொடுத்து எழச் சொல்லலாம். கடைக்கு நாமே ஓடாமல், கூட நடந்து போகலாம். நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சியை அவர் செய்யும்போது எதிரில் நாமும் செய்யலாம். எண்ணிக்கையைப் பேத்தி சொல்லட்டும். கோர்வை நெசவுக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது காஞ்சிபுரத்தில் குழந்தைக்கும் தெரியும். முட்டிக்கும் அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால், பயிற்சி நான்காவது நாளோடு நின்றுபோகாது.